ஊருக்கு மூத்தவர்: தன்சானியாவின் ஆசான் ஜூலியஸ் நைரேரே

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியால் உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவுக்கு வந்து, கடற்கரைப் பக்கம் சல்லிக்குத் திரும்பினால், கரைவலைக் காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. கயிறு இழுப்பவர்கள் பங்குகாரர். கடலின் நிறம் பார்த்து, மீன் எந்தப் பக்கம் படுகிறது என்று கை காட்டுபவர் மண்டாடி. அவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். கயிற்றைத் தொடாமல் நிற்கிற அவருக்கும் மீனில் பங்கு உண்டு. அது ஏன் என்று எந்த இளந்தாரியும் கேட்பதில்லை. அந்த மனிதர் தம் காலத்தில் இழுத்த கயிறு எவ்வளவு என்பது கரைக்குத் தெரியும்.

இன்னொரு மூத்தவரையும் நினைவுகூருங்கள். குருவானவர்கள் அரிதாகவே வந்துபோன பழைய காலத்தில், நமது கரையோரக் கோவில்களை மூப்பர்களே காத்தனர். கோவிலின் திறப்பு, காணிக்கைக் கணக்கு, திருநாள் ஒழுங்கு எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் அவற்றில் ஒரு சதமும் அவர்களுடையதன்று. மூப்பரின் வீட்டில் இருந்த கோவிற்பணத்தை மூப்பரின் பணம் என்று அவர் பிள்ளைகளும் எண்ணியதில்லை.

மூத்தவர் கையில் இருப்பது மூத்தவருடைய சொத்தா, ஊருடைய சொத்தா? இந்தக் கேள்வியின் மேல் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே கட்ட முனைந்த ஒருவர் ஆபிரிக்காவில் வாழ்ந்து மறைந்தார். அவர் கத்தோலிக்கர். பள்ளி ஆசிரியர். பின்பு ஏறக்குறைய 23 ஆண்டுகள் தம் நாட்டின் தலைவராக இருந்தவர். ஜூலியஸ் நைரேரே என்ற அவர் பெயரை நம்மில் மூத்த வாசகர்கள் வானொலிச் செய்தியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். இளையவர்களில் பலருக்கு அது புதிய பெயராக இருக்கக்கூடும். ஆபிரிக்கா நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. ஐரோப்பியர் ஆட்சிக் காலங்களில் இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்துச் சிரம்பியடியிலும் நமது திருகோணமலையிலும் கத்தோலிக்கக் குடும்பங்களாக வாழ்ந்து வருகின்றனர்.

விக்ரோறியா ஏரியின் கிழக்குப் பக்கத்தில் புத்தியாமா என்றொரு ஊர். அங்கே சனாக்கி என்னும் சிறிய இனத்தாரின் தலைவராக இருந்தவர் நைரேரே புரீட்டோ. அவருக்கு மனைவியர் 22 பேர். ஐந்தாம் மனைவி முகாயாவின் மகனாக 1922 ஏப்ரில் 13-ல் நம் கதைக்குரியவர் பிறந்தார். மழையோடு தொடர்புடைய ஓர் ஆவியின் பெயரைக் கொண்டு கம்பராகே என்று பெயரிட்டனர். தலைவரின் பிள்ளை என்றால் அரண்மனையில் வளர்ந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். தாயின் குடிசையிலே தங்கி, ஆடு மேய்த்து, தோட்டம் கொத்தி வளர்ந்த பிள்ளை அது. எல்லாரும் வேலை செய்தார்கள், எல்லாரும் சாப்பிட்டார்கள். இருந்ததைப் பங்கிட்டார்கள். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களின் விதை இந்தக் குடிசைதான்.

பன்னிரண்டு வயதில், 1934-ல், முசோமா என்ற ஊரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தபோரா அரசினர் பாடசாலை. பள்ளி நாட்களிலே கத்தோலிக்க மறை பயிலத் தொடங்கியவர், 1943 டிசம்பர் 23-ல் ஞானஸ்நானம் பெற்று ஜூலியஸ் என்னும் பெயரை ஏற்றார். கம்பாலாவில் உள்ள மக்கெரேரே கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி முடித்து, தபோராவில் வெள்ளைக் குருமார் என அழைக்கப்பட்ட மறைபரப்புச் சபையினர் நடத்திய புனித மரியாள் பள்ளியில் படிப்பித்தார். 1949-ல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1952-ல் பட்டதாரியாகத் திரும்பினார். அடுத்த ஆண்டு சனவரியில் மரியா என்ற ஆசிரியையை மணந்தார். தாருஸ்ஸலாம் நகருக்கு அண்மையிலுள்ள பூகு என்னுமிடத்தில் புனித பிரான்சிஸ் கல்லூரியில் வேலை கிடைத்தது.

மக்கள் அவரைக் கடைசிவரை முவாலிமு என்றே அழைத்தனர். சுவாஹிலி மொழியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். மூதூரிலும் கிண்ணியாவிலும் நம் முஸ்லிம் சகோதரர் முஅல்லிம் என்று சொல்கிற அதே அரபுச் சொல்தான் அது. சனாதிபதி என்ற பட்டத்தைவிட இந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது அந்த நாட்டின் பெயர் தங்கனிக்கா. முதலில் யேர்மனியரின் குடியேற்ற நாடாக இருந்து, முதலாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியரின் பொறுப்பில் விடப்பட்டது. 1954 யூலை 7-ல் தானு என்ற தேசியக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக நைரேரே தெரிவானார். கட்சியா கற்பித்தலா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை 1955-ல் வந்தது. சம்பளத்தை விட்டார். சொந்த ஊர்ப் பக்கம் சென்று, மேரிநோல் சபைக் குருவானவர் ஒருவருக்குச் சனாக்கி மொழி கற்பித்து, அதில் வந்ததைக் கொண்டு சில காலம் குடும்பத்தை ஓட்டினார். அதே ஆண்டில் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் முன் நின்று தம் நாட்டுக்காகப் பேசினார். துப்பாக்கி வெடிக்காமல் 1961 டிசம்பர் 9-ல் சுதந்திரம் கிடைத்தது.

பிரதமரானவர் ஆறே கிழமையில் பதவியைத் துறந்தார். இது பலருக்குப் புதுமையாக இருந்தது. கிராமம் கிராமமாகச் சென்று கட்சியைக் கட்டுவதற்காகவே விலகினார். அந்த இடைவெளியில், 1962 ஏப்ரிலில், உஜாமா என்னும் சிறு நூலை எழுதினார். உஜாமா என்றால் குடும்பமாயிருத்தல். இதன் வேர் ஜமாஅத் என்ற அரபுச் சொல்.

வாசகரே, நமது கதையின் நடு இடம் இந்தச் சிறு நூல்தான். சற்று நின்று பார்ப்போம்.

பழைய ஆபிரிக்கச் சமூகத்தில் சோம்பேறிக்கு இடமில்லை என்பது நைரேரேயின் வாதம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வோமே; சுவாஹிலிப் பழமொழி இன்னும் கண்டிப்பானது. இரண்டு நாள் விருந்தாளியாக உபசரித்து, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடுக்கச் சொல்கிறது அது. அப்படியானால், எந்த வேலையும் செய்யாமல் மரநிழலில் இருந்து உண்ணும் கிழவரின் நிலை என்ன? அவர் இளமையில் உழைத்தவர் என்பது முதல் விடை. இரண்டாம் விடைதான் ஆழமானது. அந்த முதியவரிடம் இருப்பதாகத் தோன்றும் மாடும் தானியமும் அவருடைய சொந்தப் பொருள் அல்ல. அவற்றை உண்டாக்கிய குடும்பத்தின் மூத்தவர் என்ற முறையில் அவர் வெறும் காவலர். அந்தச் செல்வத்தால் அவருக்கு அதிகாரமோ பெருமையோ வருவதில்லை. மற்றவர்களைவிட அதிக காலம் ஊருக்கு ஊழியம் செய்தார் என்பதற்காகவே மரியாதை வருகிறது. பொருள் இல்லாத முதியவருக்கும், பொருள் உள்ள முதியவருக்கும் ஒரே மரியாதைதான்.

நிலத்தையும் அவர் இவ்வாறே பார்த்தார். உழுது பயன்படுத்தும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. விற்றுப் பணமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இந்தக் குடும்ப ஒழுங்கைக் கிராமத்துக்கும், கிராமத்திலிருந்து நாட்டுக்கும் விரிக்க முடியும் என்று நம்பினார்.

பழமையைக் கண்மூடிப் புகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1967-ல் கிராமிய வாழ்வு பற்றி எழுதியபோது பழைய ஒழுங்கில் இரண்டு குறைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று வறுமை. அறியாமையும், மிகச் சிறு அளவில் பயிரிடுவதும் அதன் காரணங்கள். மற்றது பெண்களின் நிலை. வயலிலும் வீட்டிலும் ஆண்களைவிட அதிகம் உழைத்தவர்கள் பெண்கள். மதிப்பில் குறைந்தவர்களும் அவர்களே. தலைவர் ஒருவரின் 22 மனைவியரில் ஐந்தாமவரின் மகன் இதை நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

கூட்டுறவு என்பது அந்த நாட்டுக்கு அவர் கொண்டுவந்த புதுச் சரக்கு அன்று. கிளிமஞ்சாரோ மலைச்சாரலில் கோப்பி பயிரிட்ட சாகா இனத்தார் 1925-லேயே சங்கம் அமைத்தனர். விக்ரோறியா ஏரியின் தெற்கே பருத்தி பயிரிட்ட சுகுமா மக்கள், வியாபாரிகளின் தராசில் பருத்தி எடை குறைவதைக் கண்டு, தங்கள் ஆட்களைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தத் தொடங்கினர். பால் பொமானி என்ற இளைஞர் அந்த முயற்சிகளை இணைத்து வளர்த்தார். 1955-ல் அமைந்த அந்த ஒன்றியம் ஆபிரிக்காவின் மிகப் பெரிய கூட்டுறவு அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. பொமானி பின்பு நைரேரேயின் நிதி அமைச்சரானார். கீழிருந்து, தராசு ஒன்றைச் சுற்றி எழுந்த சங்கங்கள் அவை.

1962 டிசம்பரில் குடியரசின் சனாதிபதியான நைரேரே, 1964 ஏப்ரிலில் சான்சிபார் தீவை இணைத்துத் தன்சானியா என்ற நாட்டை உருவாக்கினார். 1966 ஒக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டாய தேசிய சேவைக்கு எதிராக ஊர்வலம் வந்தனர். படித்தவர்கள் நாட்டுக்குக் கடன்பட்டவர்கள் என்று கோபித்து, ஏறக்குறைய 400 பேரை வீட்டுக்கு அனுப்பினார். அதே மூச்சில் தம் சம்பளத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார்.

1967 பெப்ரவரி 5-ல் அருஷாப் பிரகடனம் வெளிவந்தது. அடுத்த நாள் வங்கிகள் அரசுடைமையாயின. இதைவிட முக்கியமானது தலைவர்களுக்கான ஒழுக்க விதி. கட்சியிலும் அரசிலும் பொறுப்புள்ள எவரும் கம்பனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது. இரண்டு சம்பளம் பெறக் கூடாது. வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. ஊரின் செல்வத்துக்கு மூத்தவர் காவலர் என்ற பழைய விதி இங்கே சட்டமாகிறது. விதியைப் போட்டவர் தம் வீட்டிலே அதைத் தொடங்கினார். மகோமேனியில் இருந்த தமது இரண்டாவது வீட்டை விற்றார். மனைவி மரியா தமது கோழிப் பண்ணையை அங்கிருந்த கூட்டுறவுக் கிராமத்துக்குக் கொடுத்துவிட்டார். சனாதிபதியின் மனைவி கோழி வளர்த்து முட்டை விற்பது பெரிய குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்து ஆபிரிக்கத் தலைவர்கள் சிலர் சுவிற்சர்லாந்து வங்கிகளில் சேர்த்து வைத்ததை நினைத்தால், அந்தக் கோழிக் கூட்டின் பெருமை விளங்கும்.

பிரகடனம் வந்த ஏழாம் கிழமையில், பாப்பரசர் ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமை அல்ல என்று அதில் போதித்தார். நாள்தோறும் பூசை காணும் வழக்கமுள்ள நைரேரேக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். 1970 ஒக்டோபரில் மேரிநோல் சபைக் கன்னியர் முன் பேசியபோது, திருச்சபை ஏழைகளின் பக்கம் நின்று அநீதியை எதிர்க்காவிட்டால் மக்களுக்கு அதனால் பயனில்லாது போகும் என்று எச்சரித்தார். கன்னியர் மடத்து விருந்தாளி ஒருவர் அவ்வளவு கடுமையாகப் பேசுவது அரிது.

இனி ருவுமாவுக்குச் செல்வோம். தன்சானியாவின் தென்மேற்குக் கோடியில், சொங்கெயா நகருக்கு அப்பால், லித்தோவா என்று ஓர் ஊர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தானு கட்சியின் இளைஞர் சிலர் அங்கே காடு வெட்டிக் குடியேறினர். முதல் முயற்சி பசியால் குலைந்தது. திரும்பவும் வந்தனர். வேலையை ஊர்க்கூட்டத்தில் பங்கிட்டனர். வருமானத்தையும் கூட்டத்திலே பேசித் தீர்த்தனர். கமத்தோடு சேர்ந்த பள்ளி வைத்தனர். சோளம் அரைக்கும் ஆலையும் மரம் அரியும் ஆலையும் வந்தன. இதைக் கண்டு பக்கத்து ஊர்களும் சேர, 17 ஊர்வரை கொண்ட ருவுமா அபிவிருத்திச் சங்கமாக வளர்ந்தது. எவரும் கட்டளையிடவில்லை. நைரேரே எழுதியது இங்கே நடந்துகொண்டிருந்தது. அவர் 1967-ல் வகுத்த கிராமத் திட்டத்துக்கு இவர்களின் வாழ்வே மாதிரி என்பர்.

ஆனால் தாங்களே முடிவெடுக்கும் கிராமத்தை மாவட்ட அதிகாரிகள் விரும்பவில்லை. கட்சிப் பெரியவர்களும் விரும்பவில்லை. 1969 செப்ரெம்பரில் கட்சியின் மத்திய குழு ருவுமாச் சங்கத்தைக் கலைத்தது. ஆலைகள் பறிபோயின, ஆசிரியர்கள் சிதறினர். நைரேரே அந்தக் குழுவின் தலைவர். தாம் பாராட்டிய பிள்ளையைத் தம் வீட்டாரே வெளியே தள்ளியபோது அவர் அதைத் தடுக்கவில்லை. அவர் வாழ்வின் பிற்பகுதித் துன்பங்களுக்கெல்லாம் வாசல் அந்த நாள்தான் என்பது என் எண்ணம்.

கிராமங்கள் விருப்பத்தால் மட்டுமே உண்டாக வேண்டும், எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று 1967-லும் 1968-லும் தெளிவாக எழுதியவர் அவர். மக்களை எவரும் அபிவிருத்தி செய்ய முடியாது, அவர்களே தங்களை அபிவிருத்தி செய்துகொள்ள வேண்டும் என்றும் எழுதினார். எழுத்து ஒருபுறம் இருக்க, ஆண்டுகள் ஓடின. சனங்கள் சேரவில்லை. பொதுவயலில் அரை மனத்தோடு நின்று, மாலையில் தம் சொந்தத் துண்டு நிலத்தில் முழு மனத்தோடு கொத்தினர். 1971 நத்தார் தினத்தன்று, இரிங்கா மாகாணத்தில் கூட்டுக் கமத்தை முடுக்கி நடத்திய ஆணையாளர் கிளேறூ என்பவரை, இசிமானி என்னுமிடத்தில் கமக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அது ஓர் எச்சரிக்கை. எவரும் அதைக் கேட்கவில்லை.

1973 நவம்பரில் கட்டளை பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் நாட்டுப்புறத்தார் எல்லாரும் கிராமங்களில் குடியிருக்க வேண்டும். லொறிகள் வந்தன. போக மறுத்தவர்களின் வீடுகள் பல இடங்களில் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. வீதியோரமாக நேர்கோட்டில் புதுக் குடிசைகள் எழுந்தன. பழைய தோட்டமோ மைல் கணக்கில் தூரத்தில் கிடந்தது. இன்ன மண்ணில் இன்ன பயிர் என்று அறிந்திருந்த முதியவர்கள், தங்கள் அறிவுக்கு எந்தப் பயனும் இல்லாத மண்ணில் இறக்கிவிடப்பட்டனர். வாசகரே, இதை எண்ணிப் பாருங்கள். மூத்தவரின் மரியாதையில் தொடங்கிய கொள்கை, மூத்தவரின் அறிவை லொறிக்குப் பின்னால் விட்டுச் சென்றது. அதே காலத்தில் வறட்சியும் எண்ணெய் விலையேற்றமும் சேர்ந்துகொண்டன. நாடு தானியத்தை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. 1976 முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் பதிவாயினர். நமது கிழக்கில் போராலும் கடல்கோளாலும் இடம்பெயர்ந்து, வேறெவரோ அளந்த வரிசை வீட்டில் குடியேறியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1976-ல் கமக்காரரின் கூட்டுறவு ஒன்றியங்களையும் அரசு கலைத்தது. அவற்றில் ஊழல் இருந்தது உண்மை. ஆனால் அவற்றின் இடத்தில் அமர்ந்த அரச சபைகள், கமக்காரருக்குக் காசு கொடுக்கப் பிந்தின. விலையையும் குறைத்தன. சுகுமாக்காரர் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திய ஆள் இப்போது அரசாங்க ஆளாகிவிட்டார்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் ஒற்றுமை உண்டு. 1911-ல் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது முதல், ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் இருந்து நடத்திய சிறு சங்கங்கள் நம்மிடம் இருந்தன. 1957-க்குப் பின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. 1970-களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பல ஒன்றாக்கப்பட்டுப் பெருஞ் சங்கங்களாயின. கூப்பனோடு சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு, சங்கம் தம்முடையதா அரசாங்கத்தினுடையதா என்று சொல்ல முடியாத நிலை. உஜாமாவைப்போல வீடு எரியவில்லை. அந்த மட்டில் நாம் தப்பினோம். ஆனால் சொந்தம் என்ற உணர்வு மெல்லத் தேய்ந்தது இரு நாட்டிலும் ஒன்றே.

நைரேரேயின் கணக்கில் இன்னும் சில பற்றுகள் உண்டு. 1965 முதல் நாட்டில் ஒரே கட்சி. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டம் 1962-லே வந்து, பலர் அதன்கீழ் மறியலில் இருந்தனர். 1971-ல் பெறுமதி கூடிய வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்தபோது, இழந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சத்தார். இருந்தும் அடுத்த ஆண்டில் உகண்டாவின் இடி அமீன் ஆசிய மக்களைத் துரத்தியபோது, அது இனவெறி என்று பகிரங்கமாகக் கண்டித்த தலைவரும் நைரேரேதான்.

வரவுப் பக்கமும் சிறிதல்ல. 1967-ல் வயதுவந்தோரில் மூவரில் இருவர் எழுதப் படிக்க அறியாதவர். 1970 முதல் இரவுப் பள்ளிகளில் தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் இருந்து படித்தனர். 1980-களின் நடுவில் பத்தில் ஒன்பது பேர் எழுத்தறிந்தவர் என்றது அரசின் கணக்கு. அதில் சிறிது கூட்டிச் சொல்லியிருந்தாலும், வறிய நாடொன்றுக்கு அது பெரிய அறுவடை. நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ள அந்த நாடு சுவாஹிலி என்ற ஒரே மொழியில் பேசிப் பழகி, இனக் கலவரத்தில் விழாமல் நின்றது. இதைப் படிக்கும் நமக்கு, இலங்கையராகிய நமக்கு, இந்த ஒரு வரியில் பெருமூச்சு வராமல் போகாது.

1982-ல் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மீண்டும் சட்டம் வந்தது. 1984-ல் ஒரு நேர்காணலில் நைரேரே தம் ஆட்சியைத் தாமே திரும்பிப் பார்த்தார். மறுபடி தொடங்கினால் இரண்டு காரியங்களைச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். உள்ளூராட்சிச் சபைகளை ஒழித்தது ஒன்று. கூட்டுறவுகளைக் கலைத்தது மற்றது. பொறுமையின்மையும் அறியாமையுமே காரணம் என்றார். பதவியில் இருக்கும்போதே அவர் இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். கட்டாயக் குடியேற்றத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாக அவர் பேசியதாகச் சொல்ல முடியாது.

1985-ல், துரத்துவார் இல்லாமலே, பதவியை விட்டு இறங்கினார். தாருஸ்ஸலாம் நகரின் முதியவர்களைக் கூட்டி விடைபெற்றார். அந்த முதியவர்களோடு அவருக்கு நெடுநாள் உறவு. சுதந்திரப் போராட்டத்தின் தொடக்கத்தில், சட்டைப் பையில் காசில்லாத இந்தக் கத்தோலிக்க ஆசிரியரை நம்பி வீட்டுத் திண்ணையும் கைப்பணமும் கொடுத்தவர்கள் அவர்கள்; பெரும்பாலும் முஸ்லிம்கள். நாட்டுக்குப் பெரிய செய்தி சொல்ல வேண்டியபோது அந்த முதியவர்கள் முன் போய்ச் சொல்வதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். 1978-ல் இடி அமீனின் படை எல்லை தாண்டியபோது, போரிடப் போகிறோம் என்ற செய்தியை அவர்கள் முன்தான் சொன்னார்.

ஓய்வு பெற்றவர் புத்தியாமாவுக்குத் திரும்பிக் கமம் செய்தார். 1987 முதல் 1990 வரை தென்னுலக ஆணைக்குழுவின் தலைவராக இருந்தார். அதில் நமது நாட்டின் கலாநிதி காமனி கொறயா ஓர் உறுப்பினர்; பின்னாளில் இந்தியப் பிரதமரான மன்மோகன் சிங் அதன் செயலாளர் நாயகம். 1995-ல் இந்திய அரசு காந்தி அமைதிப் பரிசை ஏற்படுத்தியபோது முதற் பரிசு நைரேரேக்கே கிடைத்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இரண்டை முன்பே சுவாஹிலியில் பெயர்த்திருந்தவர், முதுமையில் நற்செய்திகளைச் சுவாஹிலிச் செய்யுளாக்கினார். அந்த நூல் 1996-ல் அச்சேறியது. அண்டை நாடான புறுண்டியில் இனப்போரை நிறுத்தும் பேச்சுக்களுக்கு நடுவராக அலைந்துகொண்டிருந்த நிலையில் இரத்தப் புற்றுநோய் கண்டது. 1999 ஒக்டோபர் 14-ல் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் இறந்தார். உடல் புத்தியாமாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆடு மேய்த்த அதே மண்ணில் அடக்கமாயிற்று.

2005-ல் முசோமா மறைமாவட்டம் அவரது புனிதர்பட்ட விசாரணையைத் தொடங்கி, அவர் இறை ஊழியர் என்னும் பெயரைப் பெற்றார். மரியா அம்மையார் விதவையாகப் பல ஆண்டுகள் அந்த விசாரணைக்காக மன்றாடி வந்தார். அவர் கண்ட பூசைகளும் அவர் விற்ற வீடும் அந்த ஏட்டில் இடம்பெறுவது நிச்சயம். 1974-ல் லொறியில் ஏற்றப்பட்ட முதியவர்களின் சாட்சியமும் அதே ஏட்டில், அதே எழுத்தளவில், இடம்பெற வேண்டும் என்று கேட்பது தவறாகாது.